பிணத்தின் முன்னால் கெட்ட வார்த்தை பேசினால் லைசென்ஸ் போகுமா?

கலிஃபோர்னியா மாநிலச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. இறந்தவரின் உடலை எடுத்துப் போகும்போதோ, அடக்கத்துக்குத் தயார் செய்யும்போதோ, சடங்கு நடக்கும்போதோ ஒரு ஃபியூனரல் டைரக்டர் ஆபாசமாகவோ கெட்ட வார்த்தையிலோ பேசினால் அதற்காகவே அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். உடல் அடக்கமாகும்வரை வீட்டார் காதில் விழும்படி அப்படிப் பேசினாலும் அதே கதிதான். முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாடிப்படியில் கனமான ஸ்ட்ரெச்சரைத் திருப்பும்போது கை நசுங்கினால் யாருக்குத்தான் வாயில் நல்ல வார்த்தை வரும்? அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்த விதியில் ஒரு விஷயம் உறைக்கிறது. உடலைத் தூக்கும்போது பேசுவதற்கு வீட்டார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கேட்பதற்கு ஆளே இல்லாத அறையில், செத்தவர் முன்னால் பேசினாலும் தப்புதான்.

இந்தத் தொழிலின் ஒழுங்கு நடவடிக்கைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை என்று நினைக்கிறேன். ஏனென்றால் இங்கே பாதிக்கப்படுபவர் வாய் திறக்க முடியாதவர், காசு கொடுப்பவரோ எதையும் கண்ணால் பார்க்காதவர்.

முதலில் ஃபியூனரல் டைரக்டர் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடுபவர் ஒருவர், ஐஸ் பெட்டிக்குப் போன் செய்பவர் ஒருவர், சுடுகாட்டில் பேசி முடிப்பவர் ஒருவர் என்று சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவில் இந்த மொத்தத்தையும், ஆஸ்பத்திரியிலிருந்து உடலை எடுப்பது, குளிர்ப்பெட்டியில் வைப்பது, இறப்புப் பதிவுக்கான காகிதங்கள், எம்பாமிங் ஏற்பாடு, பெட்டி, கல்லறை அல்லது தகன உலை என எல்லாவற்றையும், ஒரு ஃபியூனரல் ஹோம் காசு வாங்கிக்கொண்டு செய்கிறது. அதைப் பொறுப்பேற்று நடத்துபவர்தான் ஃபியூனரல் டைரக்டர். கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு பட்டயப் படிப்பு வேண்டும், சட்டத் தேர்வு எழுதவேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி சோதனையில் தேறவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு உரிமம் தருவது மாநில நுகர்வோர் துறையின் கீழ் இருக்கும் ‘சிமெட்ரி அண்ட் ஃபியூனரல் பியூரோ’ என்ற அமைப்பு. தலைமையகம் சாக்ரமென்டோ.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் குழம்பும் இடம். உரிமம் ஆளுக்கும் தனி, கடைக்கும் தனி. ஃபியூனரல் ஹோமுக்கு ஒரு உரிமம். அதை மேற்பார்வை செய்ய உரிமம் பெற்ற டைரக்டர் ஒருவரை மேலாளராகக் காட்டியாகவேண்டும். உடலைப் பதப்படுத்தும் எம்பாமருக்கு வேறு உரிமம். தகன நிலையத்துக்கு இன்னொன்று. அதனால் ஒரே தப்புக்கு மூன்று நான்கு உரிமங்கள்மேல் ஒரே நேரத்தில் நடவடிக்கை பாயலாம். “நான் அன்னைக்கு லீவு சார், கீழே வேலை பார்த்த பையன் செஞ்சது” என்று மேலாளர் தப்பிக்கவும் முடியாது. மேற்பார்வை செய்யாததே அவருடைய குற்றம்.

சரி, இத்தனை கெடுபிடி எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பழைய கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பாசடீனா நகரில் லாம்ப் ஃபியூனரல் ஹோம் என்று ஒன்று இருந்தது, பல தலைமுறையாக நடத்திவந்த மரியாதையான குடும்பம். 1980களில் அந்தக் குடும்பத்து வாரிசு ஒருவர் தகன வேலையைக் கையில் எடுத்தார். மற்ற ஃபியூனரல் ஹோம்களிடம் போய், உடலுக்கு 55 டாலர், நானே வண்டி கொண்டுவந்து எடுத்துப் போகிறேன் என்று ஆர்டர் பிடித்தார். அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று வேலை கொடுத்தவர்கள் யாரும் உரக்கக் கேட்கவில்லை. கட்டுப்படியான விதம் இதுதான்: ஒரே உலையில் பல உடல்களைத் திணித்து எரிப்பது, சாம்பலை மொத்தமாகக் கொட்டி வைத்துக்கொண்டு எடை போட்டு அள்ளி ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுப்பது. தங்கப்பல் தனி வியாபாரம், உடல் உறுப்புகள் தனி வியாபாரம். 1986 நவம்பரில் ஆல்டடீனாவில் இருந்த தகன நிலையம் தீப்பிடித்து அழிந்தது. வியாபாரத்தை நிறுத்தினார்களா? ஹெஸ்பீரியா என்ற பாலைவன ஊரில், பீங்கான் சுடும் சூளை என்று பெயர் போட்ட ஓர் இடத்தில் தொடர்ந்தார்கள். புகையும் நாற்றமும் தாங்காமல் அக்கம்பக்கத்தவர் புகார் சொல்ல, 1987 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது. நடத்தியவர் 1989இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்து வருஷச் சிறைத்தண்டனை பெற்றார்.

இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சாம்பலை வாங்கிக் கும்பிட்டு, கடலில் கரைத்து, அலமாரியில் வைத்துப் பூப்போட்டு, சந்தேகப்படாமலே இருந்தன என்பதுதான். எப்படிச் சந்தேகம் வரும்? சாம்பலுக்கு முகம் இல்லையே. காய்கறிக் கடையில் ஏமாற்றினால் வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போது தெரிந்துவிடும். இங்கே தெரியாது, எத்தனை வருஷமானாலும் தெரியாது. வாடிக்கையாளரால் சரிபார்க்கவே முடியாத வேலை என்பதால்தான், செய்பவர் கையில் ஓர் உரிமத்தைக் கொடுத்து, தப்பு செய்தால் பிடுங்கிக்கொள்வோம் என்று மிரட்டி வைக்கவேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் தகன நிலையங்களை வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதிக்கவேண்டும் என்று விதி இருப்பதும் இதனால்தான்.

என்னென்ன செய்தால் நடவடிக்கை வரும்? பட்டியல் நீளம், முழுக்கச் சொல்லப் போவதில்லை. மோசடி, பொய் விளம்பரம், கடுமையான அலட்சியம், தொழிலோடு நேரடித் தொடர்புள்ள குற்றத்தில் தண்டனை பெற்றிருப்பது போன்றவை எந்தத் தொழிலிலும் இருப்பவை. இந்தத் தொழிலுக்கே உரியவைதான் சுவாரசியம். ஒருமுறை பயன்படுத்திய சவப்பெட்டியை அடுத்தவருக்கு விற்பது குற்றம். உரிமையுள்ள உறவினர் ‘உடலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம், கொடுங்கள்’ என்று கேட்ட பிறகும் கொடுக்காமல் இழுத்தடிப்பதும் குற்றம். அதாவது பில் பாக்கியைக் காட்டி உடலைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது. சாகக் கிடப்பவர் வீட்டிலோ, இப்போதுதான் சாவு விழுந்த வீட்டிலோ போய் ஆர்டர் பிடிப்பதும் குற்றப் பட்டியலில் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் காத்து நிற்கும் ஆம்புலன்ஸ் தரகர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

பிறகு, விலை. பெரிய ஊழல்கள் செய்தியாகின்றன, ஆனால் சாதாரணக் குடும்பம் மாட்டிக்கொள்வது விலைப்பட்டியலில்தான். மத்திய வர்த்தக ஆணையம் 1984இல் ‘ஃபியூனரல் ரூல்’ என்ற விதியைக் கொண்டுவந்தது, நாடு முழுக்கச் செல்லும். நீங்கள் நேரில் போய் ஏற்பாடு பற்றி விசாரிக்க ஆரம்பித்தாலே, வரிவரியாக விலை போட்ட பட்டியலை உங்கள் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போகவும் விடவேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும். பெட்டியை வேறு கடையில் வாங்கி வந்தால் மறுக்கக் கூடாது, அதற்காகத் தனிக் கட்டணமும் போடக் கூடாது. பட்டியலில் எம்பாமிங் என்ற வரிக்குப் பக்கத்தில், சில விசேஷ சந்தர்ப்பங்கள் தவிரச் சட்டப்படி இது கட்டாயமில்லை என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம் அச்சில் இருந்தாகவேண்டும். இந்த விதியை மீறினால் மத்திய அரசு போடும் அபராதம் மீறல் ஒன்றுக்கு 50,000 டாலரைத் தாண்டும்.

கலிஃபோர்னியா இதோடு நிற்கவில்லை. காட்சிக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் விலை ஒட்டியிருக்கவேண்டும், உலோகம் என்றால் எத்தனை தடிமன், மரம் என்றால் என்ன மரம் என்பதும் கூடவே. காற்றுப் புகாமல் மூடும் ரப்பர் விளிம்பு வைத்த பெட்டிகள் கூடுதல் விலைக்கு விற்கும், ‘அப்பா உடம்பு அப்படியே இருக்கும்’ என்ற ஆறுதல்தான் அங்கே விற்பனைப் பொருள். அந்தப் பெட்டிகளைப் பற்றி, இப்படி மூடுவதால் உடல் கெடாமல் இருக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரமோ வேறு ஆதாரமோ கிடையாது என்று வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. தன் சரக்கைப் பற்றித் தானே இப்படி எழுதி வைக்கவேண்டிய வியாபாரம் வேறு எத்தனை இருக்கும்? இவற்றில் எதை விட்டாலும் அது பியூரோவின் கணக்கில் மீறல்.

இப்போது புகார் எப்படி நகரும் என்று பார்ப்போம். கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். சான் ஹோசே பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பா தவறிவிட்டார், தகனம் முடிந்து அஸ்தி வந்துவிட்டது. பாதியைக் கடலில் கரைத்துவிட்டு மீதியை ராமேஸ்வரம் கொண்டுபோவதற்காக மகள் கலசத்தைத் திறக்கிறாள். உள்ளே ஒரு சின்ன உலோக வில்லை, எண் பொறித்தது. உடலோடு உலைக்குள் போய் அஸ்தியோடு திரும்பி வரும் அடையாளம் அது, ஆள் மாறாமல் இருக்க. வில்லையில் இருக்கும் எண்ணும் தகனச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் வேறு வேறு.

ஃபியூனரல் ஹோமுக்குப் போன் போட்டால், “அதெல்லாம் உள் உபயோகத்துக்கான நம்பர்மா, கவலைப்படாதீங்க” என்ற மாதிரி ஒரு பதில். அங்கேதான் மகளுக்கு வயிற்றைப் பிசைகிறது. பியூரோவின் இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது. ஒப்பந்தம், ரசீது, விலைப்பட்டியல், வில்லையின் போட்டோ, யாரோடு எந்த தேதியில் பேசினோம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறாள். இது எவ்வளவுக்கு எவ்வளவு தேதியும் காகிதமுமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ‘எங்கள் மனசை நோகடித்துவிட்டார்கள்’ என்று நான்கு பக்கம் எழுதுவதைவிட ஒரு போட்டோ அதிகம் பேசும்.

பியூரோ முதலில் ஃபியூனரல் ஹோமிடம் விளக்கம் கேட்கும். பெரும்பாலான சில்லறைத் தகராறுகள், அதாவது ரசீது தரவில்லை, பணம் திருப்பித் தரவில்லை என்பவை, இந்தக் கடிதம் போனதுமே சரியாகிவிடும் ரகம். நம் விவகாரம் அப்படி இல்லை என்பதால் கள ஆய்வாளர் ஒருவர் நேரில் போகிறார். தகனப் பதிவேட்டைப் புரட்டுகிறார். அன்றைக்கு அடுத்தடுத்து இரண்டு தகனம், வேலையாள் இரண்டு அஸ்திப் பைகளையும் மாற்றி வைத்துவிட்டான். அதோடு இன்னொன்றும் தெரிகிறது: தகன நிலையத்தில் இருந்து மறுநாளே போன் செய்து மேலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் இரண்டு குடும்பத்துக்கும் வாயைத் திறக்கவில்லை. என் கணிப்பில் வழக்கின் எடை அங்கேதான் மாறுகிறது. பை மாறியது கவனக்குறைவு. தெரிந்தும் மறைத்தது நேர்மையின்மை. இரண்டாவதைப் பார்த்தால்தான், இந்த ஆள் கையில் இன்னொரு உடலைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அதிகாரிகளுக்கு வரும்.

விசாரணை முடிவில் பியூரோவுக்கு மூன்று வழி. ஆதாரம் போதவில்லை என்று மூடிவிடலாம், நிறையப் புகார்கள் இப்படித்தான் முடியும், அதற்காகப் புகார் பொய் என்று ஆகிவிடாது. அடுத்தது ‘சைட்டேஷன்’, போக்குவரத்துப் போலீஸ் கொடுக்கும் சலான் மாதிரி. அபராதம் அதிகபட்சம் 5,000 டாலர், கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, கட்டியதாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. விலைப்பட்டியல் விவகாரங்களுக்கு இது பொருத்தம். மூன்றாவது, கோப்பை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு அனுப்புவது. அங்கே ஒரு அரசு வழக்கறிஞர் ‘அக்யூசேஷன்’ என்ற குற்றச்சாட்டு ஆவணத்தைத் தயாரிப்பார். ஒழுங்கு நடவடிக்கை என்று முறையாகச் சொல்லப்படுவது இங்கே இருந்துதான் ஆரம்பம்.

அந்த அக்யூசேஷனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் வழக்கு எண், எதிர்த்தரப்பு என்று ஃபியூனரல் ஹோம், மேலாளர், அவரவர் உரிம எண். புகார்தாரர் என்ற இடத்தில் மகள் பெயர் இருக்காது! பியூரோ தலைவரின் பெயர் இருக்கும். உள்ளே நடந்த கதை, பிறகு ‘நடவடிக்கைக்கான முதல் காரணம்’, ‘இரண்டாம் காரணம்’ என்று ஒவ்வொரு மீறலும் சட்டப் பிரிவோடு. கடைசியில் ‘பிரேயர்’ என்ற தலைப்பில் கோரிக்கை: இன்ன எண் உரிமத்தை ரத்து செய்யவும் அல்லது தற்காலிகமாக முடக்கவும், விசாரணைச் செலவை வசூலிக்கவும். மகளுக்கு நஷ்டஈடு என்று ஒரு வரி தேடினாலும் கிடைக்காது. இந்த வழக்கு அவளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவே நடப்பது அல்ல என்பதை முதல் பக்கமே சொல்லிவிடுகிறது. வழக்கு மாநிலத்துக்கும் ஓர் உரிமத்துக்கும் நடுவே. அவள் அதில் ஒரு சாட்சி. புகார் கொடுக்கும் பல பேருக்கு மனக்கசப்பு வருவது இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான்.

ஆவணம் கையில் கிடைத்த பிறகு எதிர்த்தரப்புக்கு 15 நாள். அதற்குள் ‘நான் எதிர்த்து வாதாடுகிறேன், விசாரணை வேண்டும்’ என்று எழுதித் தரவேண்டும். சும்மா இருந்துவிட்டால் விசாரணையே இல்லாமல் உரிமம் போய்விடும். சிலர் புத்திசாலித்தனமாக, இந்த உரிமமே எனக்கு வேண்டாம் என்று விட்டுவிடவோ காலாவதியாக விடவோ பார்ப்பார்கள். அதுவும் நடக்காது. உரிமம் காலாவதியானாலும் நடவடிக்கையைத் தொடரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. இல்லாவிட்டால் இங்கே விட்டுவிட்டுப் பக்கத்து மாநிலத்தில் சுத்தமான பெயரோடு கடை திறந்துவிடுவார்களே.

எல்லா வழக்கும் விசாரணைவரை போவதில்லை, நடுவிலேயே இரு தரப்பும் பேசி ஒரு தீர்வுக்குக் கையெழுத்துப் போடுவது சகஜம். போனால், விசாரிப்பவர் நிர்வாக நீதிபதி. பியூரோவில் வேலை செய்பவர் கிடையாது, பல துறைகளின் உரிம வழக்குகளையும் கேட்கும் தனி அலுவலகத்தைச் சேர்ந்தவர். சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு, ஜூரி கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொந்தக் காசில். வக்கீலுக்கு வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் ஏற்பாடு செய்வது கிரிமினல் வழக்கில்தான். எவ்வளவு நிரூபிக்கவேண்டும் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. கிரிமினல் கோர்ட்டில் ‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’. இங்கே அவ்வளவு வேண்டாம். ஆனாலும் படித்து, தேர்வு எழுதி, பயிற்சி பெற்று வாங்கிய தொழில்முறை உரிமத்தைப் பறிக்க வெறுமனே ‘இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்பது போதாது, தெளிவான, நம்பவைக்கும் ஆதாரம் வேண்டும் என்று கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வெறும் வியாபார ரக உரிமங்களுக்கு அந்தக் குறைந்த அளவே போதும்.

நீதிபதி எழுதுவது முன்மொழிவுத் தீர்ப்பு மட்டும்தான். அதை ஏற்பதா மாற்றுவதா என்று முடிவு செய்வது நுகர்வோர் துறை இயக்குநர். பிடிக்காவிட்டால் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்கும் மேலே உயர்நிலை நீதிமன்றத்தில் மனு போடலாம். இதையெல்லாம் கூட்டினால் புகார் கொடுத்த நாளில் இருந்து முடிவு வர மாதக்கணக்கு இல்லை, வருஷக்கணக்கு ஆகலாம். “அதுவரைக்கும் அந்த ஆள் கடை நடத்திக்கிட்டே இருப்பானா?” என்று கேட்டால், ஆமாம், பொதுவாக நடத்தலாம். பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து என்று காட்ட முடிந்தால் இடைக்காலத் தடை உத்தரவு வாங்கலாம், கிரிமினல் வழக்கும் கூடவே இருந்தால் தொழில் செய்யக் கூடாது என்பதை ஜாமீன் நிபந்தனையாகவே போடலாம். மற்றபடி குற்றம் நிரூபணமாகும்வரை உரிமம் உரிமம்தான்.

தீர்ப்பைப் படிக்கும்போது ஒரு வாசகம் அடிக்கடி வரும், புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும்: ‘உரிமம் ரத்து செய்யப்படுகிறது. அந்த ரத்து நிறுத்திவைக்கப்படுகிறது. மூன்று வருஷம் கண்காணிப்பு.’ கொடுத்தார்களா, எடுத்தார்களா? கழுத்துக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்டு வேலை செய் என்று விட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்கவேண்டும், வேலை கொடுப்பவரிடம் விஷயத்தைச் சொல்லவேண்டும், சில சமயம் சட்டத் தேர்வை மறுபடி எழுதவேண்டும், விசாரணைச் செலவைத் தவணையில் கட்டவேண்டும். இடையில் ஒன்று பிசகினால் நிறுத்திவைத்த ரத்தை அமலுக்குக் கொண்டுவந்துவிடலாம். முழுசாக ரத்தானவருக்கும் கதவு நிரந்தரமாக மூடிவிடவில்லை, குறைந்தது ஒரு வருஷம் கழித்துத் திரும்பக் கேட்கலாம், திருந்திவிட்டதைக் காட்டவேண்டிய பாரம் அவருடையது.

தண்டிப்பது இதன் நோக்கம் அல்ல, இனிமேல் வரும் குடும்பங்களைக் காப்பதுதான் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு இது பாதிதான் சமாதானமாக இருக்கிறது. ஏற்கனவே அஸ்தி மாறிப்போன வீட்டுக்கு இது என்ன செய்யும்? பணமும் நியாயமும் வேண்டுமென்றால் அவர்கள் தனியாகச் சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அதற்கு வழி இருப்பதும் அந்தப் பாசடீனா விவகாரத்தால்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மட்டும் இல்லாமல், யாருக்காக அந்தச் சடங்கு நடந்ததோ அந்த நெருங்கிய உறவினர்களும் மன உளைச்சலுக்கு வழக்குப் போடலாம் என்று 1991இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் கதையில் மகள் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அம்மாவும் தம்பியும் வழக்கில் சேர வழி பிறந்தது அப்படித்தான்.

உரிமமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கக் கொலராடோ போதும். 1983இல் ஃபியூனரல் டைரக்டர்களுக்கான உரிம முறையை அந்த மாநிலம் கைவிட்டது, நாட்டிலேயே அப்படி இருந்த ஒரே மாநிலம். பறிப்பதற்கு உரிமம் இல்லையென்றால் மிரட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. மான்ட்ரோஸ் என்ற ஊரில் ஃபியூனரல் ஹோம் நடத்திய ஒருவர், குடும்பங்களுக்குத் தெரியாமல் உடல்களையும் உறுப்புகளையும் விற்றதற்காக 2023 ஜனவரியில் 20 வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். அதே வருஷம் அக்டோபரில் பென்ரோஸ் என்ற இடத்தில், ‘இயற்கை முறையில் அடக்கம்’ என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் அழுகிய நிலையில் ஏறக்குறைய 190 உடல்களைக் கண்டெடுத்தார்கள். நாற்றம் வருகிறது என்றுதான் அங்கேயும் முதலில் புகார், ஹெஸ்பீரியாவில் நடந்த அதே மாதிரி. 2024இல் கொலராடோ சட்டம் இயற்றியது, உரிமக் கட்டாயம் 2027இல் தொடங்குகிறது. ஃபியூனரல் ஹோம்களை ஒழுங்காகச் சோதிக்கவும் 2024லேயே தனிச் சட்டம் போட்டார்கள்.

உரிம முறை இருந்தும் ஓட்டை இருக்கலாம். ஜார்ஜியா மாநிலத்தில் 2002இல் ஒரு தகன நிலையத்தின் வளாகத்தில் எரிக்காமல் விட்ட 334 உடல்கள் கிடைத்தன. அந்த நிலையம் நேரடியாகக் குடும்பங்களிடம் வியாபாரம் செய்யாமல் ஃபியூனரல் ஹோம்களிடம் மட்டும் வேலை வாங்கியதால், அன்றைய விதிகளின் கண்காணிப்புக்குள் அது சரியாக வராமலே இருந்திருக்கிறது.

கடைசியாக, உபயோகமான ஒரு விஷயம். கலிஃபோர்னியா நுகர்வோர் துறையின் உரிமத் தேடல் பக்கத்தில் ஃபியூனரல் ஹோமின் பெயரையோ மேலாளரின் பெயரையோ தட்டினால், உரிம எண், எப்போது காலாவதி, இப்போது என்ன நிலை என்று வரும். நடவடிக்கை ஏதாவது இருந்தால் அதுவும் தெரியும், அக்யூசேஷனையும் தீர்ப்பையும் பெரும்பாலும் அங்கேயே திறந்து படித்துவிடலாம். ஆளையும் கடையையும் தனித்தனியாகத் தேடுங்கள், கடை சுத்தமாக இருந்து மேலாளர் கண்காணிப்பில் இருப்பதும் நடக்கும். இரண்டு நிமிஷ வேலை. சாவு வீட்டில் அந்த இரண்டு நிமிஷம் யாருக்கும் தோன்றாது என்பதால், துக்கத்தில் நேரடியாக மூழ்காத யாராவது, ஒரு மாப்பிள்ளையோ பக்கத்து வீட்டுக்காரரோ, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் போனை எடுத்து இதைச் செய்துவிடலாம்.